காசுப் பெட்டிக்குள் ஒரு குத்துச்சண்டை

பழைய விளையாட்டுச் சின்னங்களைச் சேர்ப்போர் இன்று விரும்பித் தேடும் பொருள்களுள் ஒன்று, காசு போட்டுப் பார்க்கும் படப்பெட்டி. மரத்தாலோ வார்ப்பிரும்பாலோ செய்யப்பட்டது; நின்றபடி குனிந்து பார்க்கத்தக்க உயரம் உடையது; மேலே கண்களைப் பொருத்துவதற்கு ஒரு துளை, முகப்பிலே காசு போடுவதற்கு ஒரு சிறு பிளவு, சில வகைகளிற் சுழற்றுவதற்கு ஒரு கைபிடி. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் வீதியோரக் கடைகளிலும் கடற்கரைக் களியாட்டிடங்களிலும் எவரும் தொட்டு இயக்கிய இந்தப் பெட்டி, இன்று ஏலக் கூடங்களில் விலை பேசப்படுகின்றது. அதனுள்ளே பழைய குத்துச்சண்டை ஒன்றின் படத்தொகுதி சிதையாது இருக்குமாயின், யந்திரங்களைச் சேர்ப்போரும் விளையாட்டுச் சின்னங்களைச் சேர்ப்போரும் போட்டியிட்டு அதன் விலையை உயர்த்துவர்.

வாங்குவோர் கேட்கும் கேள்விகள் சில உண்டு. எந்த ஆண்டிற் செய்தது? உறுப்புகள் யாவும் பழையனவா, பின்னர் மாற்றப்பட்டனவா? படங்கள் முழுமையாக உள்ளனவா? இவை நியாயமான கேள்விகளே. ஆயினும் வரலாற்றைக் கற்பவன் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. இப்பெட்டிக்குள் யாருடைய ஆட்டம் அடைக்கப்பட்டது? அதைக் காண்பதற்கு யார் காசு போட்டனர்? யாருடைய ஆட்டம் அதனுள் அடைக்கப்படாமலே விடப்பட்டது? இம்மூன்றுக்கும் விடை தேடும்போதுதான், அழகுப் பொருளாக நிற்கும் இந்தப் பெட்டி ஒரு சமுதாயத்தின் சாட்சியாகப் பேசத் தொடங்கும்.

இப்பெட்டிகளுள் முதலாவது, தோமஸ் அல்வா எடிசனின் ஆய்வுகூடத்திற் பிறந்த கினெற்றஸ்கோப். எடிசனின் பெயரே உலகறிந்ததெனினும், அதனை உருவாக்கியதில் அவரிடம் ஊழியம் பார்த்த வில்லியம் கெனடி லோரி டிக்சன் என்பவரின் உழைப்பே பெரிது. நான்கு அடி அளவு உயரமுள்ள மரப்பெட்டி. உள்ளே முனைகள் ஒட்டப்பட்ட ஏறத்தாழ ஐம்பது அடி நீளமான படச்சுருள், பல உருளைகளின் மீது மேலும் கீழுமாக ஓடும். மின்மோட்டார் அதனை இழுக்கும். கீழேயிருந்து விளக்கு ஒளி பாய்ச்சும். ஒடுங்கிய பிளவொன்றையுடைய சுழல்தட்டு ஒவ்வொரு படத்தையும் கணநேரம் மட்டுமே கண்ணுக்குக் காட்டி மறைக்கும். கண்டு மகிழத் தொடங்குமுன்னரே காட்சி முடிந்துவிடும். அரை நிமிடத்துக்கும் குறைவான ஆயுள் அதற்கு.

1894ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் திகதி, நியூயோர்க் நகரின் பிறோட்வே வீதியில் 1155ஆம் இலக்கக் கடையிலே பத்துக் கினெற்றஸ்கோப்புகள் இரு வரிசைகளாக வைக்கப்பட்டன. ஒரு வரிசையிலுள்ள ஐந்து பெட்டிகளையும் பார்ப்பதற்கு 25 சதம் கட்டணம். முதலிற் கடை ஊழியர் ஒருவர் நின்று யந்திரங்களை இயக்கினார். காசு போட்டால் தானே இயங்கும் அமைப்புப் பின்னர் பரவியது. அந்த முதற் கடையின் காட்சிகளை நோக்குக: கொல்லர் பட்டறை, முடிதிருத்தும் நிலையம், குதிரைக்கு இலாடம் அடித்தல், மல்யுத்தம், ஊஞ்சற் கம்பி விளையாட்டு, சேவற்சண்டை, இவற்றோடு சாண்டோ என்னும் பயில்வானின் தசைக்கட்டு. உழைக்கும் உடலும் விளையாடும் உடலும் அங்கே அருகருகே நின்றன. ஆனால் வியாபாரிகள் விரைவிலே ஒன்றைக் கண்டுகொண்டனர். கொல்லன் இரும்பை அடிப்பதை ஒருமுறை பார்த்தவன் மறுமுறை பார்க்கக் காசு கொடான்; ஒருவனை ஒருவன் அடிப்பதைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வருவான்.

இதனை நன்குணர்ந்தவர்கள் லேதம் குடும்பத்தினர். வுட்வில் லேதமும் அவருடைய மைந்தர் ஒற்வே, கிரே ஆகிய இருவரும், இனொக் றெக்ரர் முதலிய நண்பர்களோடு சேர்ந்து குத்துச்சண்டைக் காட்சிக்கெனவே ஒரு கம்பனியை ஆரம்பித்தனர். 1894 யூன் 14இல், நியூ ஜேர்சி மாநிலத்து வெஸ்ற் ஒறேஞ்ச் நகரிலிருந்த எடிசனின் படப்பிடிப்புக் கொட்டகையில் மைக் லெனர்ட் என்பவரும் ஜக் குஷிங் என்பவரும் மோதினர். அக்கொட்டகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கருந்தார் பூசிய தாள் போர்த்தது. சூரிய ஒளியை உள்ளே விடுவதற்காகக் கூரை திறக்கும். சூரியன் நகர நகர முழுக் கொட்டகையையும் தண்டவாளத்தின் மீது தள்ளித் திருப்பலாம். பொலிசார் கைதிகளை ஏற்றிச் செல்லும் கறுப்பு வண்டியின் பெயரை, பிளாக் மரியா என்பதனை, அங்கு வேலை செய்தோர் அதற்குச் சூட்டியிருந்தனர்.

அன்றைய சண்டையின் அமைப்பே நமது கவனத்துக்குரியது. குத்துச்சண்டை விதிகளின்படி ஒரு சுற்று மூன்று நிமிடம். ஆனால் பெட்டியின் உருளைகளைப் பெருக்கி எவ்வளவு முயன்றும் 150 அடிச் சுருளையே அதனுள் அடைக்க முடிந்தது. அது ஏறத்தாழ ஒரு நிமிடக் காட்சிக்கே போதுமானது. ஆகவே சுற்று ஒரு நிமிடமாக வெட்டப்பட்டது. கமெரா நகராது, எனவே அதன் கண்ணுக்குள் அடங்குமாறு கோதாவும் சுருக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றின் பின்னும் கமெராவிற் புதுச் சுருள் ஏற்றும்வரை வீரர்கள் காத்திருந்தனர். விளையாட்டு எப்படி நடக்கிறதோ அப்படியே அதைப் படம் பிடித்தார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. படமெடுப்பதற்கு வசதியாக விளையாட்டே முதலில் வெட்டித் தைக்கப்பட்டது. விளம்பர இடைவேளைக்காக ஆட்டத்தை நிறுத்தும் இன்றைய தொலைக்காட்சி வியாபாரத்தின் வேர், அந்தக் கறுப்புக் கொட்டகையில் இருக்கின்றது.

வெட்டியதைத் துண்டு துண்டாக விற்கவும் செய்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூயோர்க் நசோ வீதியில் லேதம் குடும்பத்தினர் கடை திறந்தனர். ஆறு சுற்று, ஆறு பெட்டி. ஒரு பெட்டிக்குப் பத்துச் சதம். முழுச் சண்டையையும் பார்க்க அறுபது சதம். குஷிங் வீழ்த்தப்பட்ட கணமோ ஆறாவது பெட்டியில் இருந்தது. கதையைத் துண்டாக்கி, முடிவைக் கடைசித் துண்டில் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் விலை கேட்கும் தந்திரம் அன்றே பூரணமாகிவிட்டது.

அறுபது சதம் என்பது அக்காலத்தில் எத்தகைய தொகை? 1893இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியினால் அமெரிக்காவிற் பெருந்தொகையானோர் வேலையிழந்திருந்தனர். 1894 மே மாதத்திற் புல்மன் கம்பனியின் தொழிலாளர், கூலி வெட்டுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். றெயில்வேத் தொழிலாளர் அவர்களோடு சேர்ந்தனர். யூலையிற் சிக்காகோவுக்குப் படை அனுப்பப்பட்டது. ஒரு சாதாரண கூலியாளுக்கு அறுபது சதம் நாட்கூலியிற் கணிசமான பங்கு. அதே கோடையில்தான் லேதம் கடையின் முன் சனங்கள் திரண்டனர். தன் வாழ்விலே திருப்பி அடிக்க வழியில்லாதவன், பெட்டிக்குள்ளே ஒருவன் அடிப்பதைப் பத்துச் சதத்துக்குப் பார்த்து மனம் ஆறினான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அவனை வெறும் ஏமாளி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. பெரும் சண்டைகளுக்கான நுழைவுச்சீட்டு அவனுக்கு எட்டாதது. செல்வந்தரின் களிப்பாய் இருந்ததொன்றை, துண்டாகவேனும் அவன் கண்முன் கொணர்ந்தது இந்தப் பெட்டியே. பெட்டியின் இந்த இரட்டைத் தன்மையை நாம் மறக்கலாகாது.

லெனர்ட் சண்டையினால் ஊக்கம் பெற்றோர் அடுத்து நாடியது உலகச் சம்பியனை. 1894 செப்டெம்பர் 7இல் ஜேம்ஸ் கோர்பெற் அதே கொட்டகைக்கு வந்து, பீற்றர் கோட்னி என்பவரோடு ஆறு சுற்று மோதி, ஆறாவதில் அவரை வீழ்த்தினார். கடைசிப் பெட்டிக்கு வேண்டியது கடைசிச் சுற்றிற் சரியாகக் கிடைத்தது! சண்டையின் முடிவு முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டதென்றே ஆய்வாளர் பலர் கருதுவர். காட்டப்படும் யந்திரங்களின் கணக்கிற் கோர்பெற்றுக்கு உரிமைப்பங்கு கிடைக்க ஒப்பந்தம் இருந்தது. அம்மாநிலத்திற் பரிசுக் குத்துச்சண்டை சட்டவிரோதமானது. நீதிபதி ஒருவர் இச்சம்பவத்தை விசாரிக்குமாறு யூரர்களைப் பணித்தார். எனினும் எவரும் தண்டிக்கப்படவில்லை. கோர்பெற்றின் பெயர் சேகரிப்போர் நாவில் இன்றும் இருக்கிறது. அடி வாங்கி வீழ்ந்த கோட்னியின் பெயரோ படத்தின் தலைப்பில் ஒரு பாதியாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

நமது மூன்றாவது கேள்வி இங்கேதான் எழுகின்றது. அதே கோர்பெற் 1891 மே 21இற் சன் பிரான்சிஸ்கோவிலே பீற்றர் ஜக்சன் என்னும் கறுப்பின வீரரோடு மோதினார். ஜக்சன் மேற்கிந்தியத் தீவொன்றிற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் பெயர் பெற்றவர். 61 சுற்றுகள் சென்றும் எவரும் வீழவில்லை. சண்டை வெற்றி தோல்வியின்றி நிறுத்தப்பட்டது. அப்போது சம்பியனாய் இருந்த ஜோன் சலிவன், கறுப்பினத்தவரோடு மோதுவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். 1892இற் சலிவனை வென்று கோர்பெற் சம்பியனானார். ஆனால் ஜக்சனுக்குச் சம்பியன் பட்டத்துக்கான சண்டை ஒருபோதும் கிட்டவில்லை. 1901இல் அவர் காலமானார். 61 சுற்று எதிர்த்து நின்றவரை விட்டு, ஆறு சுற்றில் வீழக்கூடிய ஒருவரைப் பெட்டிக்குள் அடைத்தனர். பெட்டியின் துளை சிறியது என்பது யந்திர நுட்பம்; அத்துளை எந்தத் திசையை நோக்கியது என்பது சமுதாய நீதி.

ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்ப்பதில் வியாபாரிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு: ஒரு பெட்டி ஒரு வேளையில் ஒருவனிடமிருந்தே காசு வாங்கும். பலர் ஒருங்கே காணத்தக்கதாகப் படத்தைத் திரையில் வீழ்த்த லேதம் குடும்பத்தினர் முனைந்ததற்கு இதுவும் காரணம். 1895 மே மாதத்தில் மற்றொரு குத்துச்சண்டையைப் படமாக்கி, அதே மாதத்தில் நியூயோர்க்கிற் காசுக்குத் திரையிட்டனர். நீண்ட சுருள் அறுந்துபோகாதிருக்க, யந்திரத்தினுள்ளே அதனைச் சற்றுத் தளர்வாக வளையவிடும் முறையும் அவர்கள் பெயராலேயே வழங்கலாயிற்று. கலைப்படங்கள் பலவற்றையும் நீளமாய் ஓடச்செய்த அந்த வளையம், குத்துச்சண்டையின் சுற்றுகளை இடைவிடாது காட்டவேண்டும் என்னும் ஆசையோடு பிறந்ததாகும். 1897 மார்ச் 17இல் நெவாடா மாநிலத்துக் கார்சன் நகரிற் கோர்பெற்றும் பிற்ஸ்சிமன்சும் மோதியதை இனொக் றெக்ரர் நூறு நிமிடத்துக்கும் மேலான படமாக்கினார். அன்றுவரை உலகம் அத்துணை நீண்ட படத்தைக் கண்டதில்லை.

திரை வந்தபின்பும் பெட்டி மறையவில்லை. அதனை வாழவைத்தது மியூற்றஸ்கோப் என்னும் மலிவான யந்திரம். ஹேர்மன் கஸ்லர் என்பவர் 1895 நவம்பரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். எடிசனை விட்டு விலகிய டிக்சனும் அம்முயற்சியிற் பங்காளியானார். அதன் நுட்பத்தை விளக்க நான் பெரிய நூல்களை நாடவேண்டியதில்லை. எனது வகுப்பு மாணவன் ஒருவன் இலக்கணக் கொப்பியின் மூலைகளிலே, தாளுக்குத் தாள் சிறிது மாற்றி, மட்டையை வீசும் ஒரு மனிதனை வரைந்திருந்தான். பெருவிரலாற் கொப்பியின் ஓரத்தை விடுவித்தால் மனிதன் பந்தை அடிப்பான். கண்டிக்க எடுத்த கொப்பியை நானே நான்கு முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். மியூற்றஸ்கோப் அதுவே. ஏறத்தாழ 850 படங்கள் தடித்த தாள்களில் அச்சிடப்பட்டு, ஒரு சக்கரத்தைச் சுற்றி ஆரைகள்போலச் செருகப்பட்டிருக்கும். கைபிடியைச் சுழற்ற ஒவ்வொரு தாளாக மடங்கி விழும். ஒரு நிமிடமளவில் காட்சி முடியும்.

மின்சாரம் வேண்டாம், ஊழியர் வேண்டாம், அமெரிக்காவில் ஒரு சதம், இங்கிலாந்தில் ஒரு பென்னி போதும். இவ்வாறு பத்துச் சதப் பெட்டி ஒரு சதப் பெட்டியாகிச் சாதாரண மக்களிடம் இறங்கி வந்தது. மற்றொரு சிறப்பும் உண்டு. கினெற்றஸ்கோப்பில் யந்திரத்தின் வேகத்துக்குக் கண் அடிபணியவேண்டும். மியூற்றஸ்கோப்பிலோ வேகம் பார்ப்பவனின் கையில். குத்து விழும் கணத்திற் கையை நிறுத்தினால், வீரன் வீழாமல் அந்தரத்தில் நிற்பான். விளையாட்டின் ஒரு கணத்தை நிறுத்தி ஆராயும் உரிமை, ஒரு சதத்துக்கு ஒரு தொழிலாளியின் கைக்கு வந்தது.

அந்தப் படங்களை உண்டாக்கியவர்களின் உடலோ வேறு விலை கொடுத்தது. 1899 நவம்பர் 3இல் நியூயோர்க் கோனித் தீவிலே ஜேம்ஸ் ஜெப்ரீசும் ரொம் ஷார்க்கியும் 25 சுற்று மோதினர். மியூற்றஸ்கோப் கம்பனி அதனை மின்னொளியிற் படமாக்கியது. கோதாவின் மேல் ஏறத்தாழ நானூறு வில்விளக்குகள் எரிந்தன. அவற்றின் வெப்பம் வீரர்களின் தலையை வாட்டியது. அந்த விளக்குகளின் ஒளியிலேயே போட்டிக் கம்பனியார் சனங்களிடையே கமெராவை மறைத்து வைத்துத் திருட்டுப் படமும் எடுத்தனர். வீரர் இருவர் வெந்துகொண்டிருக்க, அவர்களின் படத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று முதலாளிகள் இழுபறிப்பட்டனர்.

பெட்டிக்குள் யாருக்கு இடமில்லை என்னும் கேள்வி, திரைக்கு மாறியபின் இன்னும் கூர்மையாயிற்று. 1908 டிசெம்பர் 26இற் சிட்னி நகரில் ஜக் ஜோன்சன் என்னும் கறுப்பின வீரர், ரொமி பேர்ன்சை வென்று உலகச் சம்பியனானார். பொலிசார் புகுந்து சண்டையை நிறுத்தினர், கமெராவும் நிறுத்தப்பட்டது. வெள்ளை இனத்தின் மானத்தைக் காக்கவென ஓய்விலிருந்த ஜெப்ரீஸ் மீண்டும் அழைத்து வரப்பட்டார். 1910 யூலை 4இல் றீனோ நகரிலே பதினைந்தாவது சுற்றில் ஜோன்சன் அவரை வென்றார். அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலவரம் மூண்டது. உயிரிழந்தோரிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். உடனே அப்படத்தை நகரம் நகரமாகத் தடைசெய்தனர். 1912இலே குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது. அது 1940 வரை நீங்கவில்லை. கோர்பெற் கோட்னியை அடித்தபோது கண்ணை மூடிக்கொண்ட அறம், ஜோன்சன் ஜெப்ரீசை அடித்தபோது சட்டப்புத்தகத்தைத் திறந்தது. குத்துச்சண்டை கொடுமை என்பதே அவர்களின் உண்மையான கவலையாயின், 1894இலேயே அது எழுந்திருக்க வேண்டும்.

இனி, எஞ்சியவற்றைப் பார்ப்போம். அக்காலப் படச்சுருள் நைத்திரேற்றுக் கலந்தது. எளிதிற் தீப்பற்றும், நாளடைவிற் சிதைந்தும் போகும். ஆறு பெட்டிகளை நிறைத்த லெனர்ட் சண்டையிற் சிறு துண்டொன்றே இன்று இருக்கிறது. நூறு நிமிடத்துக்கும் மேல் ஓடிய கோர்பெற் - பிற்ஸ்சிமன்ஸ் படத்தில் ஒரு பகுதியே எஞ்சியது. ஆயினும் காகிதம் அழியவில்லை. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அசையும் படத்துக்குத் தனியிடம் இருக்கவில்லை. எனவே கம்பனிகள் தம் படங்களைப் புகைப்படங்களாகக் காகிதச் சுருள்களில் அச்சிட்டு, வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திற் பதிவு செய்தன. அக்காகிதங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பழைய படங்கள் பிற்காலத்தில் மீட்கப்பட்டன. மியூற்றஸ்கோப்பின் தாள்களும் அத்தகையனவே. உரிமையைக் காக்கவும் ஒரு சதம் சம்பாதிக்கவும் அச்சிடப்பட்ட தாள்கள், நோக்கமின்றியே வரலாற்றைக் காத்தன.

இதனாலேயே இப்பெட்டிகளைச் சேர்ப்போரை நாம் வெறும் பணக்கார ஆசைக்காரர் என்று இகழ்ந்துவிட முடியாது. ஒரு மியூற்றஸ்கோப்பை அதன் தாள்களோடு காப்பவன், எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு நிமிடத்தைக் காப்பவனாக இருக்கக்கூடும். குறை சேர்ப்பதில் இல்லை. சேர்த்ததைப் படிக்காதிருப்பதில் இருக்கிறது. தாள்களைத் தனித்தனியே பிரித்து விற்றால் காட்சி இறந்துவிடும். பூட்டிய அறையில் வைத்தால், எல்லோரும் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி ஒருவருக்கும் பயன்படாது. தாள்களைப் படியெடுத்துப் பொது நூதனசாலைகளுக்கு அளிப்பதும், பெட்டியின் வரலாற்றை எழுதி அதனருகே வைப்பதும் உடையவரின் கடமை எனலாம்.

அவ்வாறு எழுதுவோர் எடிசன், கோர்பெற் என்ற இரு பெயர்களோடு நிறுத்தலாகாது. கொட்டகையிற் சூரியனைத் தேடி யந்திரத்தை நகர்த்திய தொழிலாளரும், ஆறாவது சுற்றில் வீழ்ந்த கோட்னியும் குஷிங்கும், வெயிலினும் கொடிய விளக்கின் கீழ் நின்ற ஷார்க்கியும், கூலியிலே பத்துச் சதம் பிரித்துக் கொடுத்த பெயர் தெரியாதவரும் அதிலே இடம்பெற வேண்டும். அவர்களோடு, 61 சுற்று நின்றும் பெட்டிக்குள் அழைக்கப்படாத பீற்றர் ஜக்சனும்.